இடிபாடும் இடுபெயரும்

சிசிலித் தீவின் தென்மேற்குக் கரையிலே செலினுந்தே என்னும் பாழூர் ஒன்று உளது. கடலை நோக்கிய மேட்டிலும் அதற்குக் கிழக்கேயுள்ள வெளியிலும் பண்டைக் கிரேக்கர் எடுத்த கோயில்கள், சில நின்றும் பல வீழ்ந்தும், கிடக்கின்றன. அவற்றை ஆராய்ந்த அறிஞர், இன்ன கோயில் இன்ன தெய்வத்துக்கு உரியதென்று துணிய மாட்டாமையால், ஏ கோயில், பீ கோயில், சீ கோயில் என ஐரோப்பிய நெடுங்கணக்கின் எழுத்துகளையே அடையாளமாக இட்டனர். அவ்வழக்கு இன்றும் நிலைத்துள்ளது. அவ்விடத்தில் நின்று இதனைக் கேட்டபோது எனக்குப் பொலநறுவை நினைவுக்கு வந்தது. அங்கேயும் சிவன் கோயில்களுக்கு 1ஆம் சிவ தேவாலயம், 2ஆம் சிவ தேவாலயம் என இலக்கமே இடப்பட்டிருக்கின்றது. கோயில் எடுத்தவன் பெயரிடாமலா விட்டிருப்பான்? அவன் இட்ட பெயர் எங்ஙனம் மறைந்தது, பின்வந்தோர் இடும் பெயர் எத்துணை நம்பத்தக்கது, மறைந்த பெயர் மீளுமாறு யாது என்பனவற்றை இரு தீவுகளிலும் கண்டவை கொண்டு இங்கு எடுத்துரைப்பேன்.

2018ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையிலே சிசிலியின் தலைநகராகிய பலெர்மோவுக்குச் சென்றேன். என் தமக்கையாரின் குடும்பம் அங்கே வாழ்கின்றது. 1980களிலிருந்து இலங்கைத் தமிழர் அந்நகரிற் குடியேறி வந்துள்ளனர். வீட்டுவேலை, முதியோரைப் பராமரித்தல் முதலிய தொழில்களைச் செய்து பிள்ளைகளைப் படிப்பிக்கின்றவர் பலர். நகரை அடுத்த பெல்லெகிரினோ மலையிலே சாந்தா ரொசாலியா என்னும் புனிதைக்கு ஒரு குகைக்கோயில் உண்டு. 1624இல் கொள்ளைநோய் நகரை வருத்தியபோது அவருடைய என்புகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றை ஊர்வலமாகக் கொண்டுவந்தமையால் நோய் நீங்கிற்று என்பது அவ்வூரார் நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மலையேறும் தமிழருட் கத்தோலிக்கர் மாத்திரமல்லர், சைவரும் உளர். என் தமக்கையார் அத்தகைய சைவருள் ஒருவர். மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போகின்றவர்போல வெறுங்காலுடன் நடந்தார். குகைப் பாறையினின்று சொட்டும் நீரைத் தலையிலே தெளித்துக்கொண்டார். இதனை வேடிக்கையாகக் கூறவில்லை. பிறர் கோயிலைத் தம் கோயிலாகக் கொள்ளும் வழக்கம் எத்துணை இயல்பானது என்பதை முதலில் அம்மலையிலேதான் கண்டேன்; பின்னர்க் கூறும் செய்திக்கு அது பயன்படும்.

சிசிலியின் பரப்பு நம் தீவின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. கிரேக்கர் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலே அதன் கிழக்குக் கரையிற் குடியேறத் தொடங்கினர். சிராக்கூசு நகரம் கி.மு. 733 அளவில் நிறுவப்பட்டதென்பர். ஆர்க்கிமிடீசு பிறந்ததும், கி.மு. 212இல் உரோமப் படைவீரன் ஒருவனாற் கொல்லப்பட்டதும் அந்நகரிலே என்பதை விஞ்ஞான மாணவர் அறிந்திருப்பர். தீவின் மேற்குப் பகுதியிற் கார்த்தேசு நகரத்தார் வலிமை பெற்றிருந்தனர். பின்னர் உரோமர், அவர்க்குப்பின் பைசாந்தியர், 9ஆம் நூற்றாண்டில் அராபியர், 11ஆம் நூற்றாண்டில் நோர்மானியர் என ஒருவர்பின் ஒருவராக ஆண்டனர். ஆள்வோர் மாறுந்தோறும் கோயிலும் கைமாறியது.

எழுத்தில்லாத கல்லிலிருந்தும் அறியத்தக்கவை உண்டு என்பதற்குச் செகெசுதாக் கோயில் சான்று. பலெர்மோவுக்குத் தென்மேற்கே, மக்கள் குடியில்லாத மலைவெளியில் அது தனித்து நிற்கின்றது. தூண்கள் 36, அனைத்தும் நிற்கின்றன. கூரையில்லை, உட்கருவறையும் எழவில்லை. முதற் பார்வைக்கு, கூரை இடிந்து வீழ்ந்தது போலும் என்றே எண்ணத் தோன்றும். ஆயின் படிக்கற்களை அணுகிப் பார்த்தால் அவற்றிலே சிறு குமிழ்கள் புடைத்து நிற்பதைக் காணலாம். கயிறு பூட்டிக் கல்லைத் தூக்குவதற்காக விடப்பட்டவை அவை. பணி நிறைவேறும்போது கற்றச்சன் அவற்றைச் செதுக்கி நீக்கிவிடுவான். செகெசுதாவில் எவரும் நீக்கவில்லை. தூண்களிலும் கிரேக்கத் தூண்களுக்கு இயல்பாகிய நெடுவரிகள் செதுக்கப்படவில்லை. எனவே அது இடிந்த கோயிலன்று, முடியாத கோயில். ‘இடிபாடு’ என்று நாம் வாய்கூசாது வழங்கும் சொல்லே சிலவிடத்துத் தவறான பெயராகிவிடுகின்றது.

செலினுந்தேக்குச் சில மைல் தொலைவிலுள்ள குசாக் கற்குவாரியில் இதனினும் தெளிவான காட்சியொன்று உண்டு. தூண்களுக்கு வேண்டிய பேருருளைகள் பாதி வெட்டிய நிலையில் தாய்ப்பாறையுடன் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றிக் கற்றச்சன் நின்று கொத்துதற்கு வேண்டிய ஒடுங்கிய இடைவெளி உண்டு. உருட்டிச் செல்லும் வழியிலே கைவிடப்பட்ட உருளைகளும் உள. கி.மு. 409இற் கார்த்தேசுப் படை செலினுந்தேயைத் தாக்கி அழித்தது. உளி அன்று நின்றது. அவ்விடைவெளி ஒன்றினுள் இறங்கி நின்றபோது, 1990இல் எங்கள் ஊரவர் அடுப்பிலிருந்த சோற்றையும் விட்டோடிய நாளை நினையாதிருக்க இயலவில்லை. அப்போது எனக்கு வயது பத்து. அது வேறு கதை.

செலினுந்தேயின் கோயில்களை முற்றிலும் வீழ்த்தியது நிலநடுக்கம். இன்று நிமிர்ந்து நிற்கும் ஈ கோயில், வீழ்ந்துகிடந்த கற்களைக் கொண்டு 1950களிலே மீள நிறுத்தப்பட்டது. ஜீ கோயிலோ கிரேக்க உலகின் மிகப் பெரிய கோயில்களுள் ஒன்றாக இருந்தும் இன்று கற்குவியலே. குவியலின்மேற் பிள்ளைகள் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.

இனி, பெயரிருந்தும் பிழையான பெயருடைய கோயிலொன்றைக் காண்போம். அகிரிசெந்தோ நகரின் தெற்கே, ‘கோயிற் பள்ளத்தாக்கு’ என வழங்கும் ஒரு நெடுமேட்டிலே (பள்ளத்தாக்கு என்ற பெயரே அங்கே பொருந்தாது) கொன்கோர்தியாக் கோயில் நிற்கின்றது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்தது. 34 தூண்களும் நிற்கின்றன. கிரேக்கக் கோயில்களுள் இத்துணை முழுமையாக எஞ்சியவை மிகச் சில. கொன்கோர்தியா என்பது இணக்கத்துக்குரிய உரோமத் தேவதையின் பெயர். அயலிற் கிடந்த ஓர் இலத்தீன்மொழிச் சாசனத்திலே அச்சொல் காணப்பட்டமையால் 16ஆம் நூற்றாண்டில் பசெல்லோ என்னும் வரலாற்றாசிரியர் அதனைக் கோயிலுடன் இணைத்தார். சாசனமோ கோயிலுக்குப் பன்னூறாண்டு பிற்பட்டது. அதற்கும் கோயிலுக்கும் தொடர்பில்லை. உண்மையில் எத்தெய்வத்துக்கு எடுத்த கோயில் என்பது இன்றுவரை துணியப்படவில்லை. ஆயினும் வரைபடத்திலும் நுழைவுச்சீட்டிலும் பயணிகளின் வாயிலும் அது கொன்கோர்தியாவே. பிழையான பெயர் நானூறு ஆண்டு வழங்கிவிட்டால் அதனை மாற்றுதல் எளிதன்று.

அக்கோயில் இத்துணை முழுமையாக நின்றமைக்குக் காரணம் யாது? 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது கிறித்தவத் தேவாலயமாக்கப்பட்டது. தூண்களின் இடைவெளிகளைச் சுவரெழுப்பி அடைத்தனர். உட்சுவர்களிலே வளைவு வாயில்களை வெட்டினர். அவ்வளைவுகள் இன்றும் உள. கிரேக்கச் சிற்பியின் நோக்கிற் பார்த்தால் அது சிதைவே. ஆனால் அச்சிதைவு நேராதிருந்தால் கோயிலே இராது. அதற்கு அணித்தாக ஒலிம்பிய சேயுசுவின் பெருங்கோயில் கிடக்கின்றது. அதனைத் தம் வழிபாட்டிடமாக ஆக்கிக்கொள்ள எவரும் முன்வரவில்லை. 18ஆம் நூற்றாண்டில் அதன் கற்களை அள்ளிச் சென்று துறைமுகம் கட்டினர். இதனை வாசிப்போருக்குத் திருக்கோணமலை நினைவு வரும். 1622இற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்குக் கொண்டனர். கோட்டை வாயிலிலே தமிழெழுத்துப் பொறித்த கல்லொன்று இணைக்கயலுடன் இன்றும் நிற்கின்றது.

கைமாறுதலாற் பிழைத்த கோயிலுக்குச் சிராக்கூசுப் பேராலயத்தை மிஞ்சிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதேனா தேவிக்கு எடுத்த கோயில் அது. 7ஆம் நூற்றாண்டிற் கிறித்தவ ஆலயமாயிற்று. 878இல் அராபியர் நகரைக் கைப்பற்றியபின் பள்ளிவாசலாயிற்று என்பர். நோர்மானியர் மீண்டும் ஆலயமாக்கினர். 1693ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின்பின் அதன் முகப்பு அக்காலப் பாணியிலே புதிதாகக் கட்டப்பட்டது. முன்னின்று நோக்குவோருக்கு அது 18ஆம் நூற்றாண்டு ஆலயம். பக்கத்துத் தெருவிலே திரும்பினால், தடித்த கிரேக்கத் தூண்கள் சுவரினுள் அரைவாசி புதைந்தபடி வரிசையாக வெளித் தெரியும். உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது. மெழுகுதிரி ஏற்றிய முதியவள் ஒருத்தி அத்தூணொன்றிலே கையை ஊன்றிக்கொண்டுதான் முழந்தாளிட்டாள். ஏறத்தாழ 2,500 ஆண்டாக வழிபாடு நடக்கும் ஒரு கட்டடத்தைப் பாழ் என்று சொல்லலாமா, பழைமை என்று சொல்லலாமா என எனக்குத் தெளிவாகவில்லை.

அப்பேராலயத்துக்குச் சிறிது தூரத்திலேயே, சந்தைக்கு அணித்தாக, வேலியிட்ட பள்ளத்தில் இன்னொரு கோயிலின் எச்சம் உண்டு. கி.மு. 6ஆம் நூற்றாண்டினது, சிசிலியிலுள்ள கற்றூண் கோயில்களுள் மிகப் பழையவற்றில் ஒன்று. அதுவும் ஆலயமாகி, பள்ளிவாசலாகி, மீண்டும் ஆலயமாகி, சுபானியர் காலத்திற் படைவீடாகி உருமாறியது. அதனை நெடுங்காலம் தயானாக் கோயில் என வழங்கினர். 19ஆம் நூற்றாண்டிலே கட்டடங்களை நீக்கி அகழ்ந்தபோது கிழக்கு முகத்துப் படியிலே பெரிய எழுத்துகளால் ஒரு சாசனம் வெளிப்பட்டது. அதிலே அப்பொல்லோனின் பெயரும், அவனுக்காகப் பணிசெய்தவனது பெயரும் இருந்தன. தயானா மறைந்தாள், அப்பொல்லோன் மீண்டான். ஒரு வரி எழுத்து அதனைச் செய்தது.

என்னுடன் வந்தவள் தமக்கையாரின் மகள். வயது பதினேழு. கிரேக்கமும் இலத்தீனும் கற்பிக்கும் உயர்தரப் பாடசாலையிற் படிக்கின்றாள். தமிழ் சரளமாகப் பேசுவாள், எழுதத் தெரியாது. அச்சாசனத்தின் படத்தைக் கைத்தொலைபேசியிலே பெரிதாக்கி எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினாள். பாடநூலிலுள்ள எழுத்தன்று அது, பழைய எழுத்து; ஆதலால் முதலில் இடர்ப்பட்டாள். அறிந்த பெயரொன்றைப் பிடித்துக்கொண்டு அதன் எழுத்துகளைக் கொண்டே மற்ற எழுத்துகளைத் தேடினாள். கால்மணி நேரத்திற்குள் அப்பொல்லோனின் பெயர் அவளுக்குத் தெளிந்தது. பின்பு, நம் நாட்டிலும் இவ்வாறு எழுத்துள்ள கோயில் உண்டா என்று கேட்டாள். பொலநறுவையிலே தமிழ்ச் சாசனம் உள்ள சிவன் கோயிலைப் பற்றிச் சொன்னேன். “தமிழ் எழுத்துத்தானே மாமா, நீங்க வாசிச்சீங்களா?” என்றாள்.

வாசிக்கவில்லை. வந்தாறுமூலையிலிருந்து பொலநறுவை ஏறத்தாழ 80 கிலோமீற்றர். 2003ஆம் ஆண்டு, போர்நிறுத்தக் காலத்தில், நண்பர் சிலருடன் பஸ் வண்டியிலே அங்கு சென்றிருந்தேன். வெளிவாரிப் பட்டத்துக்கு வரலாறு படித்துக்கொண்டிருந்த காலம் அது. சோழர் இலங்கையைப் பற்றிய ஆண்டுகள் எனக்கு மனப்பாடம்: 993 அளவில் முதலாம் இராசராசன் காலத்துப் படையெடுப்பு, 1017இல் இராசேந்திரனது படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தமை, 1070இல் முதலாம் விசயபாகு சோழரை அகற்றியமை. இவற்றை வினாத்தாளில் எழுதிப் புள்ளி பெற்றவன், 2ஆம் சிவ தேவாலயத்தின் சுவரிலே எழுத்திருப்பதைக் கண்டும், அது தமிழென்று உணராமலே அப்பாற் போனேன். வெளிவாரி மாணவனுக்கு நூல் கிட்டும். கல்லின்முன் நிறுத்தி எழுத்தைத் தொட்டுக்காட்டும் ஆசிரியர் கிட்டார். அதனைக் காரணமாகச் சொல்லலாம், சமாதானமாகச் சொல்லலாகாது.

அக்கோயில் அத்தலைநகரின் மிகப் பழைய கட்டடங்களுள் ஒன்று. தரை முதற் சிகரம் வரை கல்லாலேயே அமைந்தது; ஆதலால் செங்கல்லாலான பிற்காலத்து மாளிகைகள் சரிந்தபின்னும் முழுமையாக நிற்கின்றது. கருவறையில் இலிங்கம் உண்டு. 19ஆம் நூற்றாண்டினர் இதனை விட்டுணு தேவாலயம் என வழங்கினர். எங்கள் ஊரிலே விட்டுணு ஆலயம் இருப்பதால் அப்பெயரைப் பழைய நூலிற் கண்டபோது எனக்கு மகிழ்ச்சிகூட உண்டாயிற்று. ஆயின் சுவர்ச் சாசனம் வேறு கூறுகின்றது. அதிராசேந்திர சோழன் காலத்ததாகிய அச்சாசனத்தால், நகரின் பெயர் சனநாதமங்கலம் என்பதும், கோயிலின் பெயர் வானவன்மாதேவி ஈச்சரம் என்பதும் புலனாகின்றன. வானவன்மாதேவி சோழ அரசியின் பெயர். ஆகவே அக்கோயில் பெயரற்றதன்று. பெயரைத் தன் உடம்பிலேயே எழுதி வைத்துக்கொண்டு தொள்ளாயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்கின்றது. நாம் இலக்கத்தாலே அழைக்கின்றோம்.

தமிழறிந்தவன் அதனை ஏன் வாசிக்க முடியவில்லை என்று மாணவர் வினவலாம். அக்கால எழுத்தின் வடிவம் வேறாதல் ஒரு காரணம். அதனைச் சில வாரத்திற் பழகிக்கொள்ளலாம். எழுதும் முறை வேறாதலே பெரிய இடர். சாசனங்களிற் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. நெடிலைக் குறிக்கும் காலும் ரகரமும் ஒத்த வடிவின. சொற்களுக்கிடையே இடம் விடுவதில்லை. வடசொல் வருமிடத்துக் கிரந்த எழுத்தும் புகுந்துவிடும். இம்முறைப்படி வானவன்மாதேவி என்று எழுதி, அதனை இக்காலத்தான் ஒருவன் கண்டபடியே வாசித்தால், ‘வரனவனமரதெவி’ என்னும் பொருளற்ற ஒலி கிடைக்கும். எங்கே கால், எங்கே ரகரம், எங்கே புள்ளி என்பதைச் சொல் தெரிந்தவனே தீர்மானிக்கலாம். சொல்லோ எழுத்தைத் தீர்மானித்தபின்பே தெரியும். சிராக்கூசில் அப்பெண் செய்ததுபோல, அறிந்த பெயரொன்றைப் பற்றிக்கொண்டு தொடங்குவதே வழி. ஏகார ஓகாரங்களை வேறுபடுத்தும் குறிகளை வகுத்துத் தந்தவர் எனப்படும் வீரமாமுனிவர் 1680இல் வட இத்தாலியிற் பிறந்தவர் என்பதை இங்கு நினைத்தல் தகும். தமிழெழுத்தை வாசிப்பவன் எங்கே தடுமாறுவான் என்பதை அயலவர் கண்ணே விரைந்து கண்டது போலும்.

1ஆம் சிவ தேவாலயத்தின் பெயர்க்கதை இன்னும் விந்தையானது. இது பிற்பட்ட காலத்துப் பாண்டியர் பாணியைத் தழுவியது. சுவர்க்கற்களின் பொருத்து நகமும் புகாத நேர்த்தியுடையது. 1907இல் அகழ்ந்தபோது இங்கிருந்தே நடராசர், சுந்தரர் முதலிய வெண்கலப் படிமங்கள் வெளிப்பட்டன. அவை பற்றிச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஆய்வுரை எழுதினார். ஆனந்த குமாரசுவாமியும் எழுதினார். படிமங்கள் கொழும்பு அரும்பொருட்சாலையில் இருக்கின்றன. அகழ்வு நடக்கும்வரை அயலூரார் இதனைத் தளதா மாளிகை, அதாவது புத்தரின் தந்ததாது வைத்த மாளிகை, என்றே நம்பி வந்தனர். அழகிய கட்டடம் வேறு எதுவாக இருக்கமுடியும் என்பது அவர்கள் எண்ணமாகலாம். அதிலே பகையில்லை, தாம் போற்றும் பொருளின் பெயரையே கொடுத்தனர்.

மெய்யான தந்ததாதுக் கோயில் அங்கிருந்து சில நூறு அடி தூரத்தில், விசயபாகு எடுப்பித்த அட்டதாகையாகும். அதற்கு அணித்தாக ஒரு பெருங்கற்பலகை நிற்கின்றது. அதிலுள்ள சாசனம் தமிழ்! விசயபாகு இறந்தபின், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பொறிக்கப்பட்டது. இராசகுருவாகிய முகலன் மகாதேரர் அழைத்ததற்கிணங்க, வேளைக்காரர் எனப்படும் படையினர் கூடி, தந்ததாதுக் கோயிலையும் அதன் ஊர்களையும் பணியாளரையும் காப்போமெனச் சூளுரைத்து, அதற்கு மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி எனத் தம் பெயரையும் சூட்டிய செய்தியை அது கூறுகின்றது. சிவன் கோயிலுக்குச் சிங்கள ஊரவர் தளதா மாளிகை எனப் பெயரிட்டனர். தளதா மாளிகைக்குத் தமிழ்ப் படையினர் தம் பெயரிட்டனர். முன்னது பிழை, பின்னது வரலாறு. இரண்டையும் வேறுபிரிக்கத் துணையாவது அக்கல்லெழுத்து ஒன்றே. பொலநறுவையை ஒருசாரார் முற்றிலும் தமதென்பர்; மற்றொருசாரார் அதிற் பாதி தமதென்பர். பலகையை வாசிப்போர் இருசாராரிலும் சிலரே.

2018 மார்கழி விடுமுறையில் உயர்தர வகுப்பு மாணவர் எழுவரை அழைத்துக்கொண்டு மீண்டும் சென்றேன். ஏறாவூரிற் புகையிரதம் ஏறினோம். மூன்று மாதமாக அச்சிட்ட படிகளை வைத்துப் பழகியிருந்தோம். எனினும் கல்லின்முன் நின்றபோது பாதி எழுத்து மறந்துபோயிற்று. மழைமுகில் மூடியிருந்தமையால் நிழல் விழவில்லை. நிழலின்றி எழுத்துத் தோன்றாது. மாணவன் ஒருவன் மின்சூளைப் பலகையின் பக்கவாட்டிலே பிடித்தான். சாய்ந்த ஒளியில் வரிகள் எழுந்து வந்தன. ‘தளதாய்’ என்னும் சொல்லை எல்லாருக்கும் முன்னர்க் கண்டவள் செங்கலடிப் பிள்ளை ஒருத்தி. அருகே நின்ற சிங்களப் பாடசாலைப் பிள்ளைகள் அச்சொல்லைக் கேட்டு நெருங்கி வந்து, எந்த எழுத்து, எங்கே என்று சைகையாற் கேட்டனர். அவள் மின்சூளை வாங்கி ஒவ்வோர் எழுத்தாகக் காட்டினாள். அவர்களுள் ஒருவன் தன் கொப்பியிலே அதனைப் பார்த்து வரைந்துகொண்டான். அதற்குள் மழை வந்துவிட்டது. 2ஆம் சிவ தேவாலயத்துச் சுவரில் அன்று முதல் வரியைக்கூட முடிக்க இயலவில்லை. ‘வரனவன’ என்பதுவரை என் குறிப்பேட்டில் இருக்கின்றது.